போண்டாவுக்கு ஒண்ணுக்கு வரலை

பூனையாம்மா அது? மூஞ்சியைப் பாரு, நம்ம மேல ஏதோ புகார் குடுக்க வந்த மாதிரி முறைக்குது. தடுப்பூசியா? நல்லது, நல்லது. எனக்கு முயல். கூடை எங்கேன்னு பாக்குறியா? என்கிட்ட இல்லை. அதோ, தண்ணி கேன் பக்கத்துல மெரூன் புடவை, மூக்குல கண்ணாடி வழியுது பாரு, அவ மடியில இருக்கு. நீலாவதின்னு பேரு. என் கூடப் பொறந்தவ. தங்கச்சின்னு சொல்ல மாட்டேன். கூடப் பொறந்தவ, அவ்வளவுதான். அது நம்ம கையில இல்லையே.

மெதுவா பேசணுமா? எதுக்கு? கேக்கட்டும். கேக்கணும்னுதான் பேசுறேன். அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். நான் அடுப்புல கரண்டியை வெச்சா அங்கே கேக்கும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சுவர்தானே.

உறையூர்ல எங்க அப்பா வீடு. அப்பா போனப்புறம் நடுவுல சுவர் எழுப்பி ரெண்டாக்கிட்டோம். கிழக்குப் பக்கம் அவளுக்கு, மேற்குப் பக்கம் எனக்கு. கொல்லைப்புறத்துக்கும் சேர்த்துத்தான் சுவர். தண்ணி ஓடுறதுக்கு மட்டும் அடியில ஒரு சந்து விட்டுக் கட்டினார் கொத்தனார். அந்தச் சந்து வழியாத்தான் எனக்கு இவ்வளவு கேடும் வந்துச்சு.

அவ வீட்டுக்காரர் சின்ன வயசுலயே போயிட்டார். ஒரே பொண்ணு, சாருமதி. எனக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பொண்ணுக்குத் தலை வாரிவிட்டது யாரு? நான். அம்மை போட்டப்போ பக்கத்துல உக்காந்து வேப்பிலையால தடவினது யாரு? நான். இவ வேலைக்குப் போயிடுவா. சாயங்காலம் வந்து 'சாப்பிட்டியா'ன்னு கேப்பா. அது அம்மாவா?

அந்தப் பொண்ணோட நிச்சயதார்த்தத்துல நான் ஒரு கேள்வி கேட்டேன். ஒரே கேள்விதான்மா. மாப்பிள்ளையோட அப்பா வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். கூடத்துல எல்லாரும் உக்காந்திருக்காங்க, தாம்பாளம் மாத்தப் போறாங்க. நான், 'சம்பந்தி, உங்க கால் இப்படி இருக்கே, இது பரம்பரையா வர்றதா, இடையில வந்ததா?'ன்னு கேட்டேன். கேக்கணுமா வேண்டாமா? நாளைக்குப் பேரன் பேத்தின்னு வரப் போறாங்க. அக்கறை இருக்கறவதானே கேப்பா? அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே, 'சின்ன வயசுல போலியோ வந்ததும்மா'ன்னார். முடிஞ்சு போச்சு. அவரே சிரிச்சுட்டார். இவளுக்கு என்ன?

ஆனா இவ அன்னியிலேருந்து என்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. கல்யாணப் பத்திரிகையை எப்படிக் குடுத்தா தெரியுமா? வாட்ஸப்ல அனுப்பினா. பக்கத்து வாசல்! வெத்தலை பாக்கு வெச்சு, வாய் திறந்து ஒரு வார்த்தை 'வாக்கா'ன்னு கூப்பிடலை. நான் போவேனா? போகலை. கல்யாணத்தன்னிக்கு வாசக்கதவைச் சாத்திட்டு, ஒரு முறம் மிளகாயை வெச்சுக்கிட்டு காம்பு கிள்ளினேன். கை எரிச்சல் அடங்க ரெண்டு நாள் ஆச்சு.

சாரு புனேவுக்குப் போயிட்டா. போகும்போது அவளோட முயலை இங்கேயே விட்டுட்டுப் போனா. போண்டான்னு பேரு. பழுப்பு நிறத்துல உருண்டையா இருக்கும், பேர் வெச்சதுல தப்பே இல்லை. நீலா அதை மாடிப்படிக்கு அடியில ஒரு கூண்டுல போட்டு வெச்சா. கடையில விக்கிற குச்சித் தீனியைக் கிண்ணம் நிறையக் கொட்டுவா. தண்ணிக்கு ஒரு பாட்டிலைத் தலைகீழா தொங்க விட்டிருந்தா, முனையில குண்டு வெச்சது, நக்கி நக்கிக் குடிக்கணும். காலையில துணி காயப்போட வரும்போது கொஞ்ச நேரம் திறந்து விடுவா. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. சுவர் அவ்வளவு உயரம் இல்லை. அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறினா தெரியும்.

ஒரு நாள் அந்தச் சந்து வழியா இந்தப் பக்கம் வந்துடுச்சு. வந்து, நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல தொட்டி இருக்கு, அதுல முன்னங்காலைத் தூக்கி வெச்சு மடக் மடக்குனு தண்ணி குடிச்சுது. அப்படி ஒரு தாகம். வாயில்லாத ஜீவனுக்குத் தண்ணி கூட ஒழுங்கா குடுக்காத ஜென்மம்னு நெனச்சுக்கிட்டேன். என் கொல்லையில ஒரு முருங்கை மரம். ஒரு கொத்து ஒடிச்சுப் போட்டேன். அது தின்ன அழகைப் பாக்கணுமே! கடைவாய் அப்படி ஓடுது, தையல் மிஷின் மாதிரி.

அப்புறம் தினமும் வர ஆரம்பிச்சுது. நானும் தினமும் போட்டேன். முருங்கைக் கீரை, நடுவுல அகத்திக் கீரை. மனுஷனுக்கே டாக்டர் எழுதிக் குடுக்கற கீரை. அவ காசு குடுத்து வாங்கிப் போடற குச்சியைத் தின்னுட்டு அது என்கிட்ட ஓடி வருதுன்னா என்ன அர்த்தம்? எது ருசி, எது பாசம்னு அதுக்குத் தெரியும். நீலாவுக்கு இது தெரியாது. சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு துளசித் தொட்டி, அது மறைச்சுக்கும். இவ துணியை உதறி உதறிப் போடறதுக்குள்ள அது வந்து தின்னுட்டுத் திரும்பிடும். சாயங்காலம் இவ செடிக்குத் தண்ணி ஊத்தும்போது இன்னொரு தடவை. புள்ளை மாதிரி நேரம் தெரிஞ்சு வரும்.

இப்படி வருஷம் ஓடுச்சு. ஒரு நாள் கொல்லைக்கதவைத் திறக்கறேன், கல்லுக்குக் கீழ வெள்ளை வெள்ளையா திட்டு. சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்திக் காய விட்ட மாதிரி. விரல்ல தேய்ச்சுப் பாத்தா மாவு மாதிரி, லேசா நறநறக்குது. கழுவி விட்டேன். மறுநாளும் இருக்கு. அதுக்கு மறுநாளும். அந்த வாரம் நீலா அவ பக்கத்துச் சுவருக்கு வெள்ளையடிச்சிருந்தா. சரி, மிஞ்சின சுண்ணாம்புத் தண்ணியைச் சந்து வழியா என் பக்கம் தள்ளுறா. வேற யாரு பண்ணுவா?

அவகிட்ட பேச மாட்டேனே, அதனால காக்காகிட்டப் பேசினேன். சுவர் மேல ஒரு காக்கா உக்காந்திருந்தது. 'ஏ காக்கா, வெள்ளையடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வாளியைக் கழுவத் தெரியாதா?'ன்னு கத்தினேன். அந்தப் பக்கம் துணி உதறுற சத்தம் நின்னுச்சு. அப்புறம் அவ துடைப்பத்துக்கிட்டச் சொல்றா: 'துடைப்பமே, சில பேருக்கு வயசாச்சுன்னா கண்ணு மட்டும் இல்லை, மூளையும் மங்கிடும்.' எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆனது. அதைக் குத்திக் காட்டுறா. நான் சட்டி கழுவின தண்ணியைச் சந்து வழியா அந்தப் பக்கம் தள்ளினேன். நல்ல மீன் சட்டி.

அதுக்கப்புறம் ஒரு நாள் சிவப்பு. கொல்லைப் படியில, குங்குமத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி. செய்வினை வெக்கிற அளவுக்கு இறங்கிட்டாளான்னு நெனச்சேன். பினாயில் ஊத்திக் கழுவி, ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சந்துல வெச்சேன். கொஞ்ச நேரத்துல அந்தப் பழம் சுவரைத் தாண்டிப் பறந்து வந்து என் தொட்டியில விழுந்துச்சு. அவதான் எறிஞ்சா. தப்பு பண்ணாதவ எதுக்கு எறியணும்?

சிரிக்காதே. கேளு. மறுநாள் நான் நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உக்காந்தேன். கையும் களவுமா பிடிக்கணுமே. போண்டா வந்துச்சு. கல்லுக்குப் பக்கத்துல போய் வாலைத் தூக்கிக் குந்திக்கிட்டு அப்படியே நிக்குது. முதுகு வளைஞ்சு உடம்பே இறுகுது. ஒண்ணும் வரலை. தள்ளிப் போய் மறுபடி குந்துது. வரலை. மூணாவது தடவை, டியூபுலேருந்து பேஸ்ட் பிதுங்குமே, அப்படி வெள்ளையா, கெட்டியா கொஞ்சம் வந்துச்சு. வந்ததும் அது ஒரு முனகல் முனகுச்சு பாரு... முயல் சத்தம் போடும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அப்போ சுண்ணாம்பை அவ ஊத்தலையான்னுதானே கேக்க வர்றே? ஊத்தலை. அதுக்காக அவ நல்லவளாயிடுவாளா? முயல் அவளுது. அவ முயல் ஒண்ணுக்குப் போனா அவ ஊத்தின மாதிரிதான்.

கிட்டப் போய்ப் பாத்தேன். பின்பக்கம் முழுக்க ஈரம். மூத்திரம் ஊறி ஊறி முடி கொட்டி, தொடை நடுவுல தோல் வெந்து செக்கச்செவேல்னு இருக்கு. ஒரே நாத்தம். இது அவ கண்ணுல படலை பாரு. நான் மட்டும் பேசிக்கிட்டிருந்தா அன்னிக்கே கதவைத் தட்டிச் சொல்லியிருப்பேன். ஆனா பேச்சை நிறுத்தினது அவ. முதல்ல பேச வேண்டியதும் அவதான். அதனால காக்காவைத் தேடினேன், காக்கா இல்லை. சுவரைப் பாத்தே சொன்னேன்: 'சில பேர் வீட்டு முயலுக்கு ஒண்ணுக்கு வரலை. கண்ணாடி போட்டும் கண்ணு தெரியலை.'

அவ துடைப்பத்துக்கிட்டச் சொன்னா: 'துடைப்பமே, அடுத்த வீட்டு முயலோட பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதும் ஒரு பொழப்பா?'

சரி, எக்கேடோ கெட்டுப் போன்னு விட்டுட்டேன். விட்டுட்டேன்னா, கீரையை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். உடம்பு சரியில்லாததுக்குச் சத்து வேணுமே.

நாலைஞ்சு நாள் போயிருக்கும். ஒரு காலையில வந்துச்சு, கீரையை மோந்து கூடப் பாக்கலை. கல்லோரமா உருண்டையா சுருண்டு உக்காந்துடுச்சு. கண்ணு பாதி மூடியிருக்கு. ஏதோ நறுக் நறுக்குனு சத்தம். பல்லைக் கடிக்குது. குளிருதோன்னு நெனச்சு முந்தானையைப் போத்தினேன். வயித்துல கை வெச்சேன், இறுகிப் போய் இருக்கு. அவ்வளவுதான், எனக்குக் காக்காவும் வேண்டாம் சுவரும் வேண்டாம்னு ஆயிடுச்சு. வயர் கூடையில துண்டை விரிச்சு, அதைத் தூக்கி வெச்சு, கூடையை இடுப்புல இடுக்கிக்கிட்டு ஆட்டோ பிடிச்சு நேரா இங்கே வந்துட்டேன். அன்னிக்குத்தான் இங்கே முதல் தடவை வந்தது.

டாக்டர் பெனாசிரை நீ பாத்திருக்கியா? சின்ன வயசுதான். கை வெச்சாங்கன்னா பதமா வெப்பாங்க. மேஜை மேல போண்டாவை வெச்சு, 'யாரோட முயல்?'னாங்க. 'என்னுது'ன்னு சொல்லி வாய் மூடலை, கதவு படார்னு திறக்குது. இவ நிக்கறா. பாதிச் சடை பின்னியிருக்கா, மீதி விரிஞ்சு கிடக்கு. கூண்டைக் கழுவிட்டுத் தேடியிருக்கா, காணோம். எதிர்வீட்டு மார்த்தா, 'உங்கக்கா கூடையோட ஆட்டோவுல பெட் கிளினிக்னு சொல்லிப் போனாங்களே'ன்னு சொல்லியிருக்கா. வந்ததும் 'திருடி'ன்னு கத்தினா. இதே இடத்துல, இவ்வளவு பேர் முன்னாடி. நானும் சும்மா இல்லை. 'கொலைகாரி'ன்னேன். திட்டுறது பேச்சுல சேராதும்மா. அது தனி.

டாக்டர் எங்களைப் பாக்கவே இல்லை. முயலோட வயித்தை மெதுவா தடவிப் பாத்துக்கிட்டே, 'வெளியே போய்ச் சண்டை போடறீங்களா, உள்ளே இருந்து பதில் சொல்றீங்களா?'ன்னாங்க. மேஜைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்னு போய் நின்னோம்.

எக்ஸ்ரே எடுத்தாங்க. வெளிச்சத்துல வெச்சுக் காட்டினாங்க. எலும்பெல்லாம் எப்படி வெள்ளையா தெரியும், அதே மாதிரி அடிவயித்துல ஒரு கோழிமுட்டை அளவுக்கு வெள்ளையா தெரியுது. 'இது மூத்திரப்பை. இதுல மூத்திரம் இருக்கணும், ஈர மண்ணு மாதிரி சுண்ணாம்பு இருக்கு'ன்னாங்க. 'நமக்கு உடம்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத்தான் குடல் எடுத்துக்கும். முயல் அப்படி இல்லை. திங்கறதுல இருக்கறதையெல்லாம் இழுத்துக்கும். மிஞ்சினதை மூத்திரத்துல தள்ளும். அதனாலதான் நல்லா இருக்கற முயலுக்கே மூத்திரம் லேசா கலங்கலா இருக்கும். ஆனா சுண்ணாம்பு அளவுக்கு மீறி, தண்ணியும் கொறஞ்சு, ஓடியாடாம ஒரே இடத்துல உக்காந்திருந்தா, அடியில படிஞ்சு படிஞ்சு இப்படி ஆயிடும்.'

நான் அந்தச் சிவப்பைச் சொன்னேன். 'பீட்ரூட் தோல் ஏதாவது போட்டீங்களா?'ன்னு கேட்டாங்க. நீலா ஆமான்னு தலையாட்டினா. 'சாப்பாட்டு நிறமே சிவப்பா இறங்கும், எல்லாச் சிவப்பும் ரத்தம் இல்லை. ஆனா பாத்துச் சொல்ல முடியாது, சோதிக்கணும்'னு சொல்லி மூத்திரத்துல ஒரு சோதனைப் பட்டையை நனைச்சுப் பாத்தாங்க. அன்னிக்கு ரத்தமும் இருந்துச்சு. உள்ளே உரசி உரசிப் புண்ணாயிருக்கு.

'என்ன தீனி குடுக்கறீங்க?'ன்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டேன். 'முருங்கைக் கீரை டாக்டர். அப்பப்போ அகத்தி. நம்ம வீட்டு மரம், மருந்து கிருந்து அடிக்காதது'ன்னேன். டாக்டர் எழுதிக்கிட்டிருந்தவங்க பேனாவைக் கீழ வெச்சாங்க. 'தினமுமா?' 'தினமும். ரெண்டு வேளையும்.' நீலா என்னை அப்படியே பாக்கறா. அவளுக்கு அதுவரைக்கும் தெரியாதே. நல்லா பாக்கட்டும், யாரு வளத்தாங்கன்னு தெரியட்டும்னு நானும் நிமிர்ந்து நின்னேன்.

அப்புறம் டாக்டர் கீரையில சுண்ணாம்பு ஜாஸ்தி, அது இதுன்னு என்னமோ சொன்னாங்க. அவ குச்சித் தீனியையும் சொன்னாங்க, அந்தத் தண்ணி பாட்டிலையும் சொன்னாங்க, கூண்டையும் சொன்னாங்க. 'ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதை இந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கீங்க'ன்னாங்க. ஆனா 'ரெண்டு பேரும்'னு சொல்லும்போது அவங்க கண்ணு நீலா பக்கம்தான் இருந்துச்சு. நான் கவனிச்சேன். இன்னொண்ணும் சொன்னாங்க, என் தொட்டியில வந்து தண்ணி குடிச்சதாலதான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கும்னு. கேட்டியா? என் தண்ணி. அதை இவ யார்கிட்டயாவது சொல்லுவாங்கறே? மாட்டா.

மயக்க மருந்து குடுத்து, சின்னக் குழாயை விட்டு, உப்புத் தண்ணியால அலசி அலசி எடுக்கணும்னாங்க. முயலுக்கு மயக்கம் குடுக்கறது கொஞ்சம் பயம்தான், எழுந்திரிக்காமலும் போகலாம்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க. இதோ இந்த பெஞ்சுதான். அந்தக் கோடியில அவ, இந்தக் கோடியில நான். அவ புடவைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. சத்தமே வரலை. நான் அந்தப் பக்கம் பாக்கலை. கண்ணு தானா போச்சு. அவ போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, சாருவோட படம் தெரிஞ்சுது. எடுக்கலை. எடுத்து என்ன சொல்லுவா?

பிழைச்சுடுச்சு. டாக்டர் வெளியே வந்து ஒரு கிண்ணத்தைக் காட்டினாங்க, அடியில சந்தனத்தை அரைச்சு வழிச்ச மாதிரி கிடக்கு. அவ்வளவும் அதோட வயித்துக்குள்ள இருந்ததாம். அதை வெச்சுக்கிட்டுத்தான் அது தினமும் என்கிட்ட ஓடி வந்திருக்கு. முயல் வலியைக் காட்டாதாம்மா. காட்டினா நரியோ நாயோ பிடிச்சுடும்னு பழக்கமாம். தின்னுறதை நிறுத்திட்டா, சுருண்டு உக்காந்தா, பல்லைக் கடிச்சா, அப்போவே தூக்கிட்டு வந்துடணும், நாளைக்குப் பாக்கலாம்னு விடவே கூடாதுன்னாங்க.

அதுக்கப்புறம்தான் பெரிய கொடுமை. வலிக்கு மருந்து வாயில குடுக்கணும். அதை ஒருத்தரே குடுக்கலாம். ஆனா தினமும் தோலுக்கு அடியில உப்புத் தண்ணி ஏத்தணும். ஒருத்தர் முயலைத் துண்டுல சுத்திப் பிடிக்கணும், இன்னொருத்தர் கழுத்துக்குப் பின்னாடி தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியை விடணும். எனக்கு ஊசிமுனை தெரியாது, கண்ணு அப்படி. அவளுக்குக் கை மணிக்கட்டு ஒடிஞ்சு சேர்ந்தது, முயல் ஒரு உதை உதைச்சா பிடிக்க முடியாது. டாக்டர் எங்க ரெண்டு பேரையும் பாத்து, 'அப்போ சரியா இருக்கு. நீங்க பிடிங்க, நீங்க குத்துங்க'ன்னுட்டாங்க. யாரைக் கேட்டுச் சொன்னாங்க?

வேற வழி? தினமும் காலையில அவ வீட்டுக்குப் போனேன். அந்த நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. சமையலறை மேடையில துண்டை விரிச்சு வெச்சிருப்பா. நான் பிடிப்பேன், அவ குத்துவா. பேச்சு முயல் வழியாத்தான்.

'போண்டா, உங்கம்மாகிட்டச் சொல்லு, ஊசியை நேரா குத்தாம சாய்ச்சுப் பிடிக்கணும்னு.'

'போண்டா, உங்க பெரியம்மாகிட்டச் சொல்லு, வாயை மூடிட்டுப் பிடிச்சா போதும்னு.'

'போண்டா, வெதுவெதுப்பா பண்ணாம ஜில்லுனு ஏத்துறாளே, இது அடுக்குமா?'

'போண்டா, பெரியம்மா வர்றதுக்கு முன்னாடியே பண்ணியாச்சுன்னு சொல்லு.'

இப்படித்தான். தண்ணி ஏறினதும் முதுகுல ஒரு திமில் மாதிரி வீங்கிக்கும். அது கொஞ்சம் கொஞ்சமா வடியும். அது வடியற வரைக்கும் நான் பக்கத்துல இருப்பேன். அவ காபி போடுவா. ரெண்டு டம்ளர். எனக்குக் குடுக்க மாட்டா, மேடையில வெச்சுட்டுப் போயிடுவா. நானும் அவ பாக்கும்போது குடிக்க மாட்டேன்.

கூண்டைத் தூக்கிக் கடாசிட்டா. சமையலறையிலயும் கூடத்துலயும் அது இஷ்டத்துக்கு ஓடுச்சு. தண்ணிக்கு அகலமான மண்சட்டி வெச்சா. நான் காவேரிக் கரையிலேருந்து அருகம்புல் அறுத்துட்டு வந்து அலசிக் குடுத்தேன். காய்ஞ்ச புல்லை அவ வரவழைச்சா. வெந்த தோலை வெந்நீர்ல நனைச்ச துணியால ஒத்தி ஒத்தித் துடைக்கணும், தேய்க்கக் கூடாது. அது என் வேலை. அவளுக்குப் பொறுமை கிடையாது.

ஒரு நாள் ஊசி ஏறிக்கிட்டிருக்கு. அந்த மேடையிலேருந்து பாத்தா கூடத்துல மாட்டியிருக்கற கல்யாணப் படம் தெரியும். எல்லாரும் உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளை, பொண்ணு, சம்பந்திங்க, சின்னப் பசங்க கூட உக்காந்து. நான் சும்மா இருக்காம, 'போண்டா, இது என்ன கல்யாணப் படமா, பந்தியா? ஒருத்தர் கூட நிக்கலையே?'ன்னேன்.

நீலா முயல்கிட்டச் சொல்லலை. என் முகத்தைப் பாத்துச் சொன்னா. 'நீ கேட்டதுக்கு அப்புறம் அந்த மனுஷன் கல்யாணம் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலை. பந்திக்குக் கூட வரலை. யாராவது தன் நடையைப் பாப்பாங்கன்னு. மணமேடைக்கு வரமாட்டேன்னுட்டார். மாப்பிள்ளைதான் எல்லாரையும் கீழ கூட்டிட்டு வந்து, அப்பா பக்கத்துல உக்கார வெச்சுப் படம் எடுத்தார்'னு. அவ கை நடுங்குது. ஊசி உள்ளே இருக்கு. ரெண்டு கையாலயும் முயலைப் பிடிச்சிருக்கேன். விட்டா குதிச்சுடும், ஊசி கிழிச்சுடும். பிடிச்சுக்கிட்டே நின்னேன். 'கையை ஆட்டாதே, குத்திடப் போகுது'ன்னேன். அவளும் ஆட்டலை.

அன்னிக்குக் காபியை அவ எதிர்லயே குடிச்சுட்டேன். தொண்டை காய்ஞ்சு போச்சு, அதான்.

ஞாயித்துக்கிழமை சாரு வர்றா. மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரும் வர்றாங்க. நீலா நேத்து முயலுக்கு மருந்து குடுத்துக்கிட்டே, 'போண்டா, பெரியம்மாவுக்கும் சேர்த்துத்தான் உலை வெப்பேன்'னா. அழைக்கிற லட்சணத்தைப் பாத்தியா? போகப் போறேன். போனா சும்மா போக மாட்டேன். நம்ம தெருவுல ஒருத்தர் வர்மத் தைலம் காய்ச்சறார், ஒரு பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன். எல்லார் முன்னாடியும் சம்பந்தி கையில குடுத்து, காலுக்குத் தடவுங்கன்னு சொல்லிட்டு வரப் போறேன். அப்போ தெரியும் யாருக்கு மனசுன்னு. ஏம்மா மூஞ்சியை அப்படி வெச்சுக்கறே? குடுக்கக் கூடாதா? தனியா கூப்பிட்டும் குடுக்கக் கூடாதா? நீயும் அவ மாதிரியே பேசுறியே.

இரு, இரு, கூப்பிடறாங்க. போண்டாதான். இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோ. புல்லுதான் இருக்கு. உன் பூனை தின்னாது இல்லே?

*

வந்துட்டேன்மா. பையைக் குடு.

தேவலையாம். மறுபடி எக்ஸ்ரே எடுத்தாங்க. அந்த முட்டை இல்லை. லேசா ஒரு கோடு மாதிரி தெரியுது, அது இருக்கறதுதானாம். தண்ணியும் புல்லும் ஓட்டமும் இருந்தா போதும், ஆனா திரும்ப வரக்கூடிய வியாதி, ஈரம் தெரியுதா, முக்குதா, நிறம் மாறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்னாங்க. முருங்கையைத் தொடவே கூடாதுன்னு என்னைப் பாத்துச் சொன்னாங்க. ஏன் என்னைப் பாத்துச் சொல்லணும்?

இனிமே ஊசி வேண்டாமாம். 'இனிமே ரெண்டு பேர் கஷ்டப்பட வேண்டாம், ஒருத்தரே பாத்துக்கலாம்'னு டாக்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நல்ல சேதிதானே? நான் 'சரிங்க'ன்னேன். நீலா கூடையை எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டா. விட்டது சனியன். நாளைக்குக் காலையிலேருந்து நான் என் வீட்டுல, அவ அவ வீட்டுல. அந்த நேரத்துக்கு வேற ஏதாவது வேலை பாக்கலாம். துணி துவைக்கலாம்.

அதோ பாரு, ஆட்டோ பிடிச்சுட்டா. ஏறி உக்காந்தாச்சு. ஏன் இன்னும் கிளம்பலை? கூடையை சீட்டுல வெக்கலையே, மடியில வெச்சிருக்கா. அந்த ஓரத்துக்கு நகர்ந்துட்டாளே. இந்தப் பக்கம் பாக்க மாட்டா, டிரைவர் முதுகையே பாத்துக்கிட்டு இருக்கா. கூப்பிடவும் மாட்டா. திமிர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா முத்து உதிர்ந்துடுமா?

வெயில் ஏறுது. முயலுக்குச் சூடு ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, இவ பாட்டுக்கு நடுரோட்டுல நிறுத்தி வெச்சுக்கிட்டு இருக்கா. அதுக்காகத்தான் போறேன். அவளுக்காக இல்லை. நீ உன் பூனையைப் பாத்துக்கோ.

ஏய், வர்றேன், இருடி. கூடையை இப்படிக் குடு, உன் கை வலிக்கும்.